லாரியில் ஏறிய மின்நூலகம்

மின்நூலகத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நம்பிய ஒருவரின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன். அவர் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. நூலகத் துறையிலேயே பட்டம் வாங்கியவர். மேடை ஏறினால் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றிலும் தடுமாறாமல் பேசுவார். தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மட்டும் அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

புதிதாக நூலக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நூலகப் பணியாளர் சங்கத்தில் என்னிடம் கேட்டார்கள். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் நிறுத்தினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்னுடைய பிரிவுபசார விழாவில்கூட நான் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இதற்கு ஒத்துக்கொண்டேன். புத்தகம் அடுக்குவதையும் அட்டவணை போடுவதையும் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லித்தந்திருப்பார்கள். மேலே இருப்பவர் பதற்றத்தில் ஒரு கட்டளை போடும்போது என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு பல்கலைக்கழகத்தின் மலாக்காக் கிளை, நகரை ஒட்டிய பாச்சாங்கில் இருந்தது. பல்கலைக்கழகம் என்றதும் மரங்களையும் மைதானத்தையும் கற்பனை செய்யாதீர்கள். கடைவரிசையின் மேல்மாடிகள்தான் எங்கள் பல்கலைக்கழகம். கீழே டயர் கடை, அதற்கு மேலே வகுப்பறைகள், உச்சியில் நூலகம். மின்தூக்கி கிடையாது. யாராவது மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் ஜன்னல் வழியாக ஏறி வரும். நான் அங்கே பணியாள். கதவு திறப்பது, விளக்கு போடுவது, கம்ப்யூட்டர்களைத் தட்டி எழுப்புவது, புத்தகங்களை இடத்தில் வைப்பது, எதையாவது தூக்குவது. சாவிக்கொத்து என் இடுப்பில் இருக்கும்.

வெளிநாட்டு ஆய்விதழ்களைக் கம்ப்யூட்டரிலேயே படிக்கும் வசதி அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது. இன்றைக்கு நீங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டே எல்லாம் திறக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் கட்டடத்தின் இணைய இணைப்புக்கென்று எண்களால் ஆன முகவரிகள் இருந்தன. அந்த முகவரிகளைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றிலிருந்து யார் கேட்டாலும் கதவு திறக்கும். வேறு முகவரியிலிருந்து துணைவேந்தரே வந்து கேட்டாலும் திறக்காது. ஆகவே படிக்க வேண்டியவர்கள் மாடி ஏறி வந்தாக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். எனக்கே புரிந்தது.

இந்த வசதியைத் தொடக்கிவைக்க ஒரு பிரமுகரை அழைப்பதென்று எங்கள் நூலகத் தலைவர் முடிவு செய்தார். மாணவர்கள் அதை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பிரமுகர் ரிப்பன் வெட்டாமல் எதுவும் தொடங்கியதாகக் கணக்கில் வராது என்பது தலைவரின் கொள்கை. பிரமுகருக்கு முட்டி வலி. மூன்று மாடி ஏற மாட்டார் என்று பதில் வந்தது.

"பிரமுகர் மாடிக்கு வர மாட்டாரு. அதனால மாடிய நாம அவர்கிட்ட கொண்டு போறோம்" என்றார் தலைவர், கூட்டத்தில். டவுனில் ஒரு கல்யாண மண்டபம் பேசியாகிவிட்டதாம். கம்ப்யூட்டர்களை அங்கே கொண்டுபோய் மேடையில் வரிசையாக வைத்து, பெரிய திரையில் ஆய்விதழ்களைத் திறந்து காட்ட வேண்டும்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் குமார் கையைத் தூக்கினான். ஒப்பந்த ஆள், வயதில் சின்னவன்.

"சார், அங்க வராது சார்."

"ஏன் வராது?"

"மண்டபத்துல இருக்கிறது சாதாரண போன் லைன். அதுல போனா டெலிபோன் கம்பெனி அட்ரஸ்தான் வரும். நம்ம அட்ரஸ் வராது. அவன் கதவத் திறக்க மாட்டான் சார்."

"அதான் மிஷினையே தூக்கிட்டுப் போறோமே?"

"மிஷின்ல ஒண்ணும் இல்ல சார். கட்டிலத் தூக்கிக்கிட்டு வேற வீட்டுக்குக் குடி போனா, தபால்காரன் கட்டிலத் தேடியா சார் வருவான்?"

எங்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் எங்கள் துணைத் தலைவர். தெங்கேராவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் கிறிஸ்தவப் பெண்மணி. என்னைவிட வயது குறைவு. என்னை அண்ணே என்பார்; நான் மேடம் என்பேன்.

தலைவர் சிரிக்கவில்லை. "கட்டிலப் பத்தி உங்கிட்ட யாரும் கேக்கல. நீ கான்ட்ராக்ட் ஆளு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

முதல் நாளே போய்ச் சோதித்துப் பார்க்கலாமா என்று குமார் கேட்டான். முதல் நாள் மண்டபத்தில் கல்யாணமாம். துணைத் தலைவர் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

"சார், ஒரு மிஷின் கொண்டு போனா போதுமே. மத்தது இங்க இருந்தா சனிக்கிழமை வர்ற தொலைக்கல்விப் பிள்ளைங்களுக்கு ஆவும்."

"மேடை பெரிசும்மா. ஒண்ணே ஒண்ணு வச்சா நல்லாவா இருக்கும்?"

இப்படித்தான் முடிவாயிற்று. நிர்வாகம் என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் படிப்பது பெரும்பாலும் இதுதான். மேடையின் அகலத்தைப் பார்த்து முடிவெடுப்பார்கள். காரணத்தைப் பிறகு அறிக்கையில் எழுதிக்கொள்வார்கள்.

சனிக்கிழமை காலை லாரி வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக நான்தான் கீழே இறக்கினேன். அந்தக் காலத்துப் பெட்டிகள், உங்கள் மடிக்கணினி போல இல்லை. திரையை மட்டும் தூக்கினாலே இடுப்பு கேட்கும். லாரியில் மெத்தை விரித்து, இடையிடையே தலையணை செருகினோம். நகலெடுக்கும் இயந்திரத்தையும் ஏற்றச் சொன்னார் தலைவர். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மேடை பெரிசு. மிச்சமிருந்த மை, தாள், கம்பி எல்லாம் போயின. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார்; மல்லிகைச் சரம் போட்டார்; லாரிச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்; தேங்காய் உடைத்தார். கடவுளிடம் கேட்டவர் குமாரிடம் கேட்டிருக்கலாம்.

டயர் கடைச் சீனர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வீடு மாற்றுகிறீர்களா என்று என்னிடம் மலாயில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

குமாரும் லாரியில் போனான். துணைத் தலைவருக்கு மேடையில் நாற்காலி இல்லை. "நீங்க இங்க இருந்து போன எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவர் தன் காரில் ஏறினார். காவலுக்கு நான்.

லாரி போய்ச் சற்று நேரத்தில் மலர் வந்தாள். ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எங்கள் பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி மாணவி. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் மலாய் வாசிப்பை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தவறாமல் வருவாள். வந்தால் மூலையில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் படிக்கட்டில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்காருவாள். அன்றைக்கு அவள் கண்டது வெறும் மேசைகளையும் சுவரிலிருந்து தொங்கிய கம்பிகளையும்தான்.

"அண்ணே, மிஷினெல்லாம் எங்கண்ணே?"

"கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கும்மா."

"யாருக்குக் கல்யாணம்?"

"மிஷினுக்குத்தான்" என்றார் துணைத் தலைவர், கவுண்டரிலிருந்து. "பொட்டு வச்சு பூ வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. சாயங்காலம் மறுவீடு வரும்."

"விளையாடாதீங்க மேடம். திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள நான் ஆய்வக் குடுத்தாகணும்."

பிறகுதான் விவரம் வந்தது. மேற்பார்வையாளர் அவளுடைய ஆய்வைத் திருப்பிக் கொடுத்திருந்தார். மேற்கோள் காட்டிய கட்டுரைகளெல்லாம் பழையவை, புதியவற்றைச் சேர்க்காவிட்டால் வாங்க மாட்டேன் என்றிருக்கிறார். திங்கட்கிழமை தவறினால் அந்த வருடம் பட்டம் பெறுவோர் பட்டியலில் பெயர் வராது. பட்டம் இல்லாத தற்காலிக ஆசிரியர்களை அடுத்த வருடத்துக்கு நீட்டிக்கப் போவதில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தேவையான கட்டுரைகளின் பெயர்களை எல்லாம் தேடி வைத்திருந்தாள். திறந்து எடுக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு இந்தக் கட்டடத்தின் முகவரி வேண்டும். முகவரி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மாட்ட ஒரு பெட்டி இல்லை.

"கே.எல். மெயின் கேம்பஸுக்குப் போயிடவா மேடம்?"

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள அங்க நூலகத்த மூடிடுவாங்க." துணைத் தலைவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அவர் ரூம்ல ஒண்ணு இருக்குல்ல அண்ணே?"

தலைவரின் அறையில் ஒன்று இருந்தது. நூலகத்திலேயே புதிய கம்ப்யூட்டரும் சிறிய அச்சு இயந்திரமும் அங்கேதான். எல்லா இடத்திலும் அப்படித்தான். குறைவாகப் படிப்பவரின் மேசையில்தான் நல்ல பெட்டி இருக்கும். பெருக்குவதைத் தவிர வேறு எதற்கும் அந்த அறையைத் திறக்கக் கூடாது என்பது எனக்குப் போட்ட உத்தரவு. சாவி என் இடுப்பில் கனத்தது.

"அவர் கேட்டா மேடம்..."

"அது அவர் வீட்டு மிஷின் இல்லண்ணே, நூலகத்து மிஷின். திறங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். எத்தனையோ அதிகாரிகளின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். 'கேட்டால் நீ உன் இஷ்டத்துக்குச் செய்ததாகச் சொல்' என்று கண்ணாலேயே சொல்கிறவர்கள் அநேகம். 'நான் சொன்னேன் என்று சொல்' என்று வாய்விட்டுச் சொன்னவர் இவர் ஒருவர்தான். உங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தால் விட்டுவிடாதீர்கள். வாய்க்காவிட்டால், நீங்களாவது யாருக்காவது அப்படி இருங்கள்.

திறந்தேன். மலர் உட்கார்ந்தாள். கதவு திறந்தது, பதிப்பகத்தின் கதவைச் சொல்கிறேன். கட்டுரை வந்தது. அச்சு இயந்திரம் முனகி முனகி ஒரு பக்கத்தைத் துப்பிவிட்டு, யோசித்து, அடுத்ததைத் துப்பியது. மை குறைந்துகொண்டே வந்ததில் எழுத்து வெளுத்துக்கொண்டிருந்தது. மாற்று மை லாரியில் போய்விட்டது.

அப்போதுதான் கவுண்டரில் தொலைபேசி அடித்தது. துணைத் தலைவர் எடுத்தார். தலைவர், புதிதாக வாங்கியிருந்த கைத்தொலைபேசியிலிருந்து. ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்தினார். தள்ளி நின்ற எனக்கும் கேட்டது. பின்னணியில் யாரோ ஒலிபெருக்கியில் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வரல!"

"என்னா சார் வரல?"

"அனுமதி இல்லைன்னு வருது. பெரிய ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டு நிக்குது. பிரமுகர் முன்வரிசையில உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு."

"குமார் சொன்னானே சார்."

"குமார விடு! அங்க எவனாச்சும் உள்ள பூந்து யூஸ் பண்றானா? நம்ம அட்ரஸ அங்க புடிச்சு வச்சிருந்தா இங்க எப்படி வரும்? எல்லாத்தையும் அடை. அடைச்சாத்தான் இங்க வரும்."

ஒரு முகவரியை ஒருவர் பயன்படுத்தினால் இன்னொரு இடத்துக்கு அது வற்றிவிடும் என்று நினைத்தார். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் முதல் குழாயைத் திறந்தால் கடைசிக் குழாயில் தண்ணீர் நிற்குமே, அந்தக் கணக்கு.

துணைத் தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. "இங்க ஒரு மாணவி படிச்சிக்கிட்டு இருக்கா சார். நான் அடைக்க மாட்டேன். அடைச்சாலும் அங்க வராது."

"போன அவன்கிட்ட குடு" என்றார் தலைவர்.

இதையும் கவனித்துக்கொள்ளுங்கள். படித்தவரிடம் செல்லாத கட்டளை, அடுத்த நிமிடம் படிக்காதவனைத் தேடி வரும். நான் வாங்கினேன்.

"மெயின் சுவிட்ச அடை. இப்பவே. வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். சுவிட்சு தலைவரின் அறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மலர் திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. இன்னும் இருக்கா?"

"ரெண்டு கட்டுரை இருக்குண்ணே. ஒண்ணு இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்கு." என் முகத்தைப் பார்த்தவள் அச்சு இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டாள், அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்பது போல.

இன்னொரு பக்கம் வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவிட்சைத் தொடவில்லை. திரும்பி வந்து தொலைபேசியை எடுத்தேன்.

"பக்கம் வந்துக்கிட்டு இருக்கு சார்" என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான், உண்மையும் அதுதான்.

"வருதா? அங்க வருதா?"

"வருது சார்."

திட்டப் போகிறார் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டேன். திட்டவில்லை. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் நாலு மடங்கு பெரிதாகி ஒலிபெருக்கி வழியாக வந்தது. கைத்தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டார். நானும் துணைத் தலைவரும் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்துக் கேட்டோம்.

"மாண்புமிகு அவர்களே! பெரியோர்களே! இதோ, இந்த நிமிடத்தில், பாச்சாங்கில் உள்ள நமது நூலகத்தில், தோட்டத்துப் பாட்டாளியின் மகள் ஒருத்தி, நமது மின்நூலகத்தின் வழியாக உலக அறிவைப் பருகிக்கொண்டிருக்கிறாள்!"

கைதட்டல் இரைந்தது. மலரின் அப்பா யார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தோட்டம் என்றால் கைதட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரும் லயத்து வீட்டில் பிறந்தவர்தான். மேடையில் மட்டும் அது நினைவுக்கு வரும்.

"பருகுறாளாம்" என்றார் துணைத் தலைவர். "போய்த் தண்ணியாவது குடுங்கண்ணே அவளுக்கு."

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரத்தில், லாரியோடு போன எங்கள் டிரைவர் ராஜு படியேறி மூச்சிரைக்க வந்தான்.

"பாஸ் அந்தப் பேப்பர்ங்களைக் கேக்குறாரு. பிரமுகர் கையில குடுக்கணுமாம். போட்டோக்காரன் நிக்கிறான். சீக்கிரம் குடுங்கலா, பிரமுகர் சாப்பாட்டுல உக்காந்துட்டா அப்புறம் எழுப்ப முடியாது."

மலர் அச்சான தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்கல்ல அண்ணே?"

"பிரமுகர் கைக்குப் போனது எது தங்கச்சி திரும்பி வந்திருக்கு? போட்ட மாலையே கார்ல ஏறிப் போயிடுது" என்றான் ராஜு.

இன்னொரு தடவை அச்செடுக்க மை இல்லை. கடைசிக் கட்டுரைக்கே போதுமா என்று தெரியவில்லை. நகலெடுக்கும் இயந்திரம் மல்லிகைப் பூவோடு மேடையில் நின்றுகொண்டிருந்தது. கொடுக்காவிட்டால் ராஜு சும்மா திரும்பிப் போவான், தலைவரே வருவார், வந்தால் பெட்டியையும் நிறுத்துவார், தாளையும் பிடுங்குவார். மலர் யாரையும் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சு இயந்திரம் இன்னொரு பக்கத்தைத் தொடங்கியது.

அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள்கட்டு கிடந்தது. குமார் எதற்கோ நகலெடுத்து வைத்தது. முழுக்க இங்கிலீஷ், நெருக்கமான எழுத்து. நான் அதை எடுத்து, மேசையிலிருந்த நூலகத்தின் நீலக் கோப்பில் வைத்துத் துணைத் தலைவரிடம் நீட்டினேன். அவர் முதல் தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது என்னான்னு தெரியுமா?"

"இங்கிலீஷ், மேடம்."

"மிஷினுக்குள்ள தாள் சிக்கிக்கிட்டா எப்படி எடுக்கிறதுன்னு போட்டிருக்கு."

"படிப்பாங்களா மேடம்?"

அவர் உண்மையாகவே யோசித்தார். மண்டபத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்: விரிவுரையாளர்கள், டாக்டர்கள், வழக்கறிஞர்கள், தலைவர், பிரமுகர்.

"மாட்டாங்க" என்றார். கோப்பை மூடி, தன் கையாலேயே ராஜுவிடம் கொடுத்தார். நான் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் தன் கையால் கொடுத்தார் என்று எனக்கு அன்று சாயங்காலம்தான் உறைத்தது.

கடைசிக் கட்டுரையின் கடைசிப் பக்கம் சாம்பல் நிறத்தில் வந்தது. மலர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"படிக்க முடியுதா?" என்று கேட்டார் துணைத் தலைவர்.

"முடியுது மேடம்." பையில் வைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலைத் தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. பிரமுகர் ஒரு தாளை உயரப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் தலைவர் அந்தத் தாளையே பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளைய சமுதாயம் இந்தத் தாளில் இருக்கிறது என்று பிரமுகர் பேசியதாகச் செய்தி. முன்வரிசையில் கோப்பைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்களாம். ஒருவர் 'ரொம்ப ஆழமா இருக்கு' என்றாராம். ராஜு சொன்னான். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினார் தலைவர். ஆணி அடித்தது நான்தான். மண்டபத்தில் நடந்ததற்குத் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிக்கை எழுதினார். குமாரின் ஒப்பந்தம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை. கோளாறு இருந்த இடம் வேறு என்று அறிக்கையைப் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குமார் போகும்போது என் தோளைத் தட்டி, "நான் பொழச்சிக்குவேன் அண்ணே, நீங்கதான் இங்க இருக்கணும்" என்றான். ஜொகூரில் நல்ல வேலையில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். தொலைக்கல்வி மாணவர்கள் கம்ப்யூட்டரைத் தொட முன் அனுமதி பெற வேண்டும் என்று ஓர் அறிவிப்பும் வந்தது. அதை ஒட்டும் வேலை துணைத் தலைவருக்கு. அவர் அதைக் கதவின் பின்பக்கத்தில் ஒட்டினார். கதவைத் திறந்து வைத்தால் அது சுவரைப் பார்த்திருக்கும். அவர் அங்கே வேலை பார்த்தவரை வேலை நேரத்தில் அந்தக் கதவு மூடியதே இல்லை.

போன மாதம் உங்களுடைய புதிய நூலகத்தைப் பார்க்க வந்தேன். மின்தூக்கி இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, அறிவிப்புகளும் நிறைய இருக்கின்றன. கூடாது, கூடாது, கூடாது. எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்: எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று உங்களில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மலரின் திங்கட்கிழமைக்கு வருகிறேன். மத்தியானம் கழிந்துவிட்டது. அவளிடமிருந்து தகவல் இல்லை. நானும் துணைத் தலைவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் இருவரும் நிமிர்ந்தோம். தலைவர் அன்றைக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் வேலைக்கே வந்தார், நேரே அறைக்குள் போனார். போன வேகத்தில் சத்தம் வந்தது.

"என் நாற்காலிய யாருய்யா ஏத்தினது? கால் தரையில பட மாட்டேங்குது."

மலர் குள்ளம். மேசை எட்டாமல் அவள் எக்கி எக்கித் தட்டுவதைப் பார்த்துச் சனிக்கிழமை நான்தான் ஏற்றி வைத்திருந்தேன். இறக்க மறந்துவிட்டேன். துணைத் தலைவர் எழுந்தார். அதற்குள் தொலைபேசி அடித்தது. பக்கத்தில் நின்ற நான் எடுத்தேன். காசு விழும் சத்தம், பஸ் இரைச்சல், பிறகு அவள் குரல்.

"அண்ணே, வாங்கிட்டாங்கண்ணே. புரட்டிப் பாத்தாரு, ஒண்ணுமே சொல்லல. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாரு."

எவ்வளவோ சொல்ல நினைத்தேன். "சரிம்மா" என்றேன். "சாப்பிட்டியா?"

"இனிமேதாண்ணே. மேடம்கிட்ட சொல்லிடுங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த துணைத் தலைவர் உட்கார்ந்து, எதிரே இருந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். ஏற்கெனவே அடுக்கியிருந்த அட்டைகள்.

"போன்ல யாரு?" என்று அறைக்குள்ளிருந்து தலைவர் கேட்டார்.

"வாசகர், சார்."

வாசகர் என்றதும் அவருக்கு அக்கறை விட்டுப்போயிற்று. நாற்காலியை யார் ஏற்றியது என்ற கேள்வியையும் மறந்துவிட்டார். "வந்து இத எறக்கிக் குடு" என்றார்.

போனேன். அவர் எழுந்திருக்கவில்லை, கால்கள் தரையைத் தொடாமல் உட்கார்ந்த இடத்திலேயே பத்திரிகைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பிடியை இழுத்தேன். சின்னதாக ஒரு பெருமூச்சுச் சத்தத்தோடு அவர் மெதுவாகக் கீழே இறங்கினார்.